மரத்தை ஓரத்தில் நிறுத்தியது யார்?

திருகோணமலைத் துறைமுகத்தைக் கீறச் சொன்னால் நாங்கள் என்ன கீறுவோம்? ஒரு பக்கம் சாய்ந்த தென்னை, நடுவில நீலத் தண்ணி, தூரத்தில மங்கலா மலை. பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பியிலிருந்து உல்லாசப் பயண விளம்பரம் வரைக்கும் இதே அமைப்புத்தான். ஆனா இது எங்கட கண்ணில பிறந்த அமைப்பு இல்லை.

1808இல் சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர் இலங்கைக் காட்சிகள் 12ஐ அச்சுப் படங்களாக லண்டனில் வெளியிட்டார். அதில் ஒன்று, ஒஸ்டன்பேர்க் கோட்டையில் இருந்து பார்த்த எங்கட துறைமுகம். அந்தக் காலத்து ஆங்கில நிலக்காட்சி ஓவியத்துக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த குளோட் லொரேனின் படங்களைப் பார்த்து எடுத்துக்கொண்டது அது. முன்னால் ஓரமாக இருண்ட மரம், நடுவில் வெளிச்சம் விழுந்த தண்ணீர், பின்னால் நீலமாகக் கரையும் மலை. மரத்தின் இருட்டு பார்வையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் அனுப்பும். பார்க்கிறவருக்கு மனம் ஆறும்.

அழகான உத்திதான், மறுக்கேல்லை. டானியல் இந்தத் தீவை விரும்பிப் பார்த்தவர். 1811இல் இங்கேயே இறந்தும் போனார். ஆனா அந்த அமைதி ஆருடையது? ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தது 1795இல். படம் வந்தது வெறும் 13 வருசம் கழித்து. கோட்டை உயரத்தில் நிற்கிறவருக்குக் கரையில் வலை இழுக்கிற சனம் புள்ளியளவுதான் தெரியும்.

எங்கட மரபில் மரம் வெறும் சட்டகம் இல்லை. நெய்தல் திணையில் புன்னை வந்தால், அதன் நிழலில் காத்திருக்கிற ஒருத்தியும் வருவாள். கடலுக்குப் போனவன் திரும்பேல்லை என்ற இரக்கமும் கூட வரும். அங்கே மனநிலையைத் தூரத்து வெளிச்சம் தருவதில்லை, மரத்தடி தருகிறது. பார்க்கிற கண்ணும் கரையில்தான் நிற்கிறது, கோட்டையில் இல்லை.

ஒஸ்டன்பேர்க் இன்றைக்கும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கு. நினைச்ச நேரம் ஏறி நின்று நாங்கள் பார்க்க ஏலாது. அப்படியிருக்க, எங்களுக்குக் கிடைக்காத உயரத்தில் நின்று பார்க்கிற மாதிரி ஏன் கீற வேணும்?

டானியலின் படத்தைக் கிழித்தெறியச் சொல்லேல்லை. நல்லாப் பாருங்கோ, இருட்டையும் வெளிச்சத்தையும் படியுங்கோ. பிறகு கரைக்கு வந்து, ஒரு புன்னையைத் தாளின் நடுவில் வையுங்கோ. அதன் அடியில் ஆர் இருக்கினம் என்று பார்த்துவிட்டுக் கீறத் தொடங்குங்கோ.