ஏரியைச் சேர்த்து விற்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஓசூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு இப்போது நல்ல விலை கேட்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அத்திப்பள்ளியைத் தாண்டி வந்து வீடு தேடுகிறார்கள். உடனே நம் ஆட்கள் வீட்டை விற்பனைக்குத் தயார் செய்யக் கிளம்பிவிட்டார்கள். எப்படித் தயார் செய்கிறார்கள்? மழைத்தண்ணீர் நின்ற தடத்தின் மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறார்கள். பின்பக்கச் சுவரை இடித்து ஏரிக்கரைக்கு ஒரு கேட் வைக்கிறார்கள். புரோக்கர் அதற்கு ‘லேக் வியூ, ஏரிக்கு நேரடி வழி’ என்று பெயர் சூட்டி விலையை ஏற்றுகிறார்.

அந்தக் கரை யாருடையது? ஏரி, கரை, வரத்துக் கால்வாய் எல்லாம் நீர்நிலைப் புறம்போக்கு. ஊர்ச் சொத்து. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. கேட்டையும் கரையில் போட்ட பெஞ்சையும் காட்டி நீங்கள் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். நாளை நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப் போவது வாங்கியவர்.

"டீச்சர், தண்ணி ஏறினதச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். சட்டமே பதில் சொல்கிறது தம்பி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-ஐப் படித்துப் பார். வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை உனக்குத் தெரிந்திருந்தால், நீயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. உண்மையைச் சொன்னால் விலை குறையும். குறைந்த அந்த விலைதான் உன் வீட்டின் விலை.

எப்போதோ ஒரு மழைக்கு இவ்வளவு பயமா என்கிறீர்களா? 2022 செப்டம்பரில் பெங்களூர் சர்ஜாபூர் சாலையில் கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற கார்களையும் வேன்களையும் புரட்டிக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஏரித்தண்ணீர் பத்து வருடம் கழித்து வந்தாலும் தன் பழைய வழியில்தான் வரும்.

வாங்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். நிலத்தின் வகைப்பாட்டை அ-பதிவேட்டிலும், எல்லையைப் புலப்படத்திலும் பாருங்கள். இரண்டும் இணையத்திலேயே கிடைக்கின்றன. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் என்றால் நுரை பொங்கும் நாளில் ஒருமுறை போய் நில்லுங்கள். பெங்களூர்க் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த நாற்றம் விளம்பரப் படத்தில் வராது.

விற்பவரும் நான் பாடம் சொன்ன பிள்ளை. இருபது வருடக் கடனில் வாங்குபவரும் நான் பாடம் சொன்ன பிள்ளை. அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டைத் தயார் செய்கிறீர்களா? சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். ஏரிக்குள் போகும் கழிவுநீர்க் குழாயை அடையுங்கள். கேட்டை எடுத்துவிட்டுச் சுவரைக் கட்டுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று வாங்குபவருக்குக் கை வைத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள்.