மாட்டுக்கு வைத்தியம், மகனுக்கு மந்திரமா?

கறவை மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் விவசாயி அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார். நெல்லில் குலைநோய்ப் புள்ளி கண்டால் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைத் தேடிப் போகிறார். அதே வீட்டில் வாலிப வயது மகன் பத்து நாளாகத் தூங்காமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு, சோற்றில் விஷம் கலந்திருப்பதாகப் பெற்ற தாயையே சந்தேகித்தால் என்ன நடக்கிறது? காற்று சேஷ்டை என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கிறார்கள். வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இப்படிக் கழியும் ஒவ்வொரு மாதமும் நோயை முற்ற வைக்கிறது. மனநோயும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் குணமும் அதிகம்.

சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டதை மறக்கலாகாது. பின்னாளில் அந்த ஊரிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது.

எங்கே போவது? மாட்டை விற்று, நகையை அடகு வைத்துப் பட்டணம் போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவர் வருகிறார். அந்த நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். இரவோ பகலோ, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

நிலைமை கைமீறினால் 108 வண்டியை அழைக்க வேண்டும். நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பவரைக் காவல் நிலையத்தார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதும், லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

விவசாய வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பரணில் கிடக்கும் பூச்சிமருந்து. மனம் உடைந்தவர் உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது. வைத்தே தீர வேண்டுமானால் பூட்டி, சாவியைப் பொறுப்பான வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். 'செத்துப் போகிறேன்' என்று சொல்பவர் சாகமாட்டார் என்பது பொய். அப்படிப்பட்ட எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் கெடுதல் எதுவும் வராது. கேட்டபின் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தலை தெளிந்ததும் தாமாகவே நிறுத்திவிடுவது, பால் பிடிக்கும் சமயத்தில் வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும். நிறுத்துவதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

குடும்பத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் சிரிக்கும் என்றுதானே மூடி மறைக்கிறார்கள்! பால் கூட்டுறவுச் சங்கத்துப் பலகையில் கால்நடை முகாம் தேதியை எழுதிப் போடுகிறார்கள். மனநல மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் நாளையும் அதன் கீழே ஒரு வரி எழுதினால் என்ன? பால் ஊற்ற வரும் தாய் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமலே அதைப் படித்துக்கொள்வாள்.