போர்வீரனின் முதுகும் அரசின் பாகைமானியும்

நாட்டுக்காகச் சுமை சுமந்தவனின் முதுகு பழுதுற்றால், அப்பழுதின் விலையை நிர்ணயிப்பது யார்? ஐக்கிய அமெரிக்காவில் அதனைப் பெரும்பாலும் ஒரு பாகைமானியே நிர்ணயிக்கிறது!

கவசமும் மூட்டையும் தாங்கி நடந்தவர்களும், விமானத்திலிருந்து குதித்தவர்களும் முள்ளந்தண்டு நோயோடு வீடு திரும்பி இழப்பீடு கோருகின்றனர். முன்னாட் படைவீரர் திணைக்களம் அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. “குனியும்” என்கிறார் வைத்தியர். 30 பாகைக்குமேல் குனிய இயலாதவனுக்கு நூற்றுக்கு 40 வீத ஊனம். 30ஐத் தாண்டி 60 வரை குனிபவனுக்கு 20 வீதம். 60ஐத் தாண்டி 85 வரை குனிந்துவிட்டானோ, 10 வீதமே!

முதுகுநோவு நாள்தோறும் ஒரே அளவினதா? செவ்வாயன்று கட்டிலைவிட்டு எழமாட்டாதவன் வியாழனன்று ஒருவாறு குனிவான். வைத்தியர் அழைத்தது வியாழனாயின், செவ்வாயின் வேதனை ஏட்டில் ஏறாது. நோவு மிகும் நாட்களில் எவ்வளவு இயக்கம் குறைகிறதென வீரனிடமே வினவி மதிப்பிடுதல் வேண்டுமென, முன்னாட் படைவீரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அவ்வாறு வினவாத பரிசோதனை குறையுள்ள பரிசோதனையே.

அந்நீதிமன்றமும் வீரர்க்கு எளிதிற் கிட்டியதன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, ஊனத்தின் அளவுபற்றித் திணைக்களம் கூறியதே முடிவு. சட்டத்தரணியின் ஊதியமும் 10 டொலருக்கு மேற்படலாகாது. இவ்வரம்பு விதிக்கப்பட்டது 1864இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில்! தரகரின் சுரண்டலிலிருந்து வீரனைக் காக்கவே என்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகக் ‘காக்கப்பட்ட’ வீரனுக்கு வாதாட ஆளில்லாது போயிற்று.

2019 பெப்ரவரி முதல் மேன்முறையீட்டுக்கு மூன்று வழிகள் உள: புதிய சான்றோடு துணை விண்ணப்பம், மூத்த அதிகாரியின் மறுஆய்வு, மேன்முறையீட்டுச் சபை. மூத்த அதிகாரி புதிய சான்று எதனையும் ஏற்கமாட்டார். ஆகவே, நோவு மிகுந்த நாட்களின் குறிப்பும், கண்டறிந்த மனைவியின் வாக்குமூலமும் கையிலிருந்தால் துணை விண்ணப்பமே தகும். பரிசோதகர் வினவத் தவறியதே குறையாயின் மறுஆய்வு போதும். முடிவு கிடைத்த ஓராண்டுக்குள் முறையிடாவிடில், பழைய திகதியிலிருந்து வரவேண்டிய நிலுவைப் பணமும் கைநழுவும்.

சான்றுகள் இருபுறமும் சமமாயின் ஐயத்தின் பயன் வீரனுக்கே என்பது அந்நாட்டுச் சட்டம். அச்சட்டத்தை இயற்றிய அரசு, நிமிர்ந்து உட்கார மாட்டாதவனைப் படிவங்களோடு போராட விடுவானேன்? முதற் பரிசோதனையிலேயே, “நோவு மிகும் நாளில் உம்மால் எவ்வளவு குனிய முடியும்?” என்று கேட்டு எழுதிக்கொள்ள வைத்தியருக்கு எத்தனை நிமிடம் செல்லும்?