மனுவை எழுத வேண்டியவர் யார்?

நீதிமன்றம் ஒருமுறை உரைத்துவிட்டால் அதன்மேல் பேச்சில்லை என்று கருதுவோர் பலர். பிறப்பித்த உத்தரவை மீளச் சிந்திக்குமாறு நீதிமன்றத்தையே வேண்டுவது அதனை அவமதிப்பதாகும் என்று கூறுவாரும் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. இந்திய அரசியலமைப்பின் 137 ஆம் உறுப்புரை, தன் தீர்ப்பையும் உத்தரவையும் தானே மீளாய்வு செய்யும் அதிகாரத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. நீதிபதியும் மனிதரே, தம்முன் வைக்கப்படாத உண்மையை அவர் எவ்வாறு அறிவார்? ஆகவே, கேட்கலாமா என்பதன்று கேள்வி. கேட்கும் மனுவை எழுதுபவர் யார், எப்போது எழுதுகிறார் என்பதே கேள்வி.

2019 பெப்ரவரி 13 ஆம் திகதி அந்நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவை நோக்குவோம். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எதிர்த்து வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகள் 2008 இல் தொடுத்த வழக்கு அது. காட்டு நிலத்தில் உரிமை கோரி, கோரிக்கை நிராகரிக்கப்பட்டோரை யூலை 24 க்கு முன் வெளியேற்றுமாறு மாநில அரசுகளுக்குக் கட்டளை பிறந்தது. நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளோ பத்து இலட்சத்துக்கும் மேல்! அவை வெறுங் காகிதங்களல்ல, அடுப்பெரியும் குடிசைகள், தலைமுறைகள் உழுத மண்.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னரே மத்திய அரசு மனுவோடு ஓடிற்று. பெப்ரவரி 28 இல் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. இதுகாறும் ஏன் உறங்கிக் கிடந்தீர் என்ற கருத்துப்பட நீதிமன்றமே அரசைக் கடிந்து கேட்டது.

அரசு அன்று புதிதாய்க் கண்டுபிடித்த உண்மை யாது? ஒன்றுமில்லை. கோரிக்கையை முதலில் ஆராய வேண்டியது கிராம சபை; அதன் முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுள் மேல்முறையிடலாம்; அவருக்குத் தம் நியாயத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காது முறையீட்டைத் தள்ளலாகாது; சரிபார்க்கும் நடைமுறை முடியுமுன் எவரையும் வெளியேற்றலாகாது. இவை யாவும் 2006 ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் எழுதப்பட்டவை. இந்நடைமுறை ஒவ்வொரு குடிக்கும் ஒழுங்காய் நிறைவேறிற்றா என்று பெப்ரவரி 13 இலேயே கேட்டிருந்தால், பதினைந்து நாட்கள் அம்மக்கள் நெஞ்சில் நெருப்போடு இருந்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தைக் காக்கக் கடமைப்பட்டவரின் மௌனம், அதனை எதிர்ப்பவரின் வாதத்தினும் கொடிது.

காடு அழிந்தால் நாடு அழியும் என்பர். உண்மையே. ஆனால் நிராகரிப்புக் கடிதம் கைக்கே எட்டாத ஏழையை ஆக்கிரமிப்பாளன் என்று எண்ணிக்கையிற் சேர்ப்பது எவ்வகையிற் காட்டைக் காப்பதாகும்?

அன்று உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அரசு எழுதிய மனு, மக்கள் தெருவிலிறங்கிய பின் எழுதப்பட்டது. அடுத்த மனுவும் அவ்வாறே தாமதித்து வரட்டும் என்று வாளாவிருத்தல் தகுமா? உண்மையான மனு நீதிமன்ற வாயிலில் எழுதப்படுவதன்று, கிராமத்தில் எழுதப்படுவது. கோரிக்கை கொடுத்த நாள், கிராம சபையின் தீர்மானம், நிராகரித்த காரணம், கடிதம் வந்த நாள், மேல்முறையீட்டின் கதி ஆகியவற்றைக் குடி குடியாகக் குறித்து வைத்தலே அதன் முதற்பணி. எழுத்தறிந்தோர் இப்பணிக்கு முன்வர வேண்டும். இரக்கத்தை இரந்து நிற்கும் மனு நமக்கு வேண்டியதில்லை. சான்றுகளை நிரல்பட அடுக்கி உரிமையைக் கேட்கும் மனுவே வேண்டும்.