ஒளிந்துகொள்ளும் மீனும் அவசரப்படும் மனிதனும்

"வாங்கி வந்த மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வருவதாயில்லை. சாப்பாடு போட்டாலும் தொடுவதில்லை. நோய் பிடித்த மீனைக் கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டான்." கடந்த வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் இவ்வாறு குறைப்பட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற பின்னர், பொழுதுபோக்காகச் சிறியதொரு கடல்நீர் மீன்தொட்டியை வீட்டில் அமைத்திருப்பவர் அவர். மீனைக் கொண்டுவந்து எத்தனை நாள் என்று கேட்டேன். "நேற்றுப் பின்னேரம்" என்றார். தொட்டியில் நீர் நிரப்பி எத்தனை நாள் என்று கேட்டேன். "அதுக்கு முதல் நாள்" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கில்லை. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் நானும் இதே தவறைச் செய்தவன். வெள்ளவத்தையில் நான் வசிக்கும் தொடர்மாடி வீட்டின் முன்கூடத்தில் 60 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றை வைத்தேன். சனிக்கிழமை உப்பைக் கரைத்து நீர் நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மீன்களுடன் வீடு திரும்பினேன். இரண்டு கோமாளி மீன்கள், நீல நிறத்தில் இரண்டு டாம்செல் மீன்கள், பெரிய மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் மீன் ஒன்று. ஒன்பதாவது நாள் காலையில் கடைசி மீனையும் சிறு வலையால் அள்ளி வெளியே எடுத்தேன். விற்றவரும் எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டு பல தசாப்தங்களை ஓட்டிய ஒருவன், கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டதன் விலையை அந்த ஐந்து உயிர்கள் செலுத்தின.

நடந்தது என்ன என்பதைப் பின்னரே படித்து அறிந்தேன். மீன் தனது கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றது. தின்னாமல் எஞ்சும் உணவும் அழுகி அமோனியாவாகின்றது. எல்லையற்ற கடலில் இது ஒரு பொருட்டல்ல. ஆனால் நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது போவதற்கு வேறிடமில்லை. கடல்நீர் காரத்தன்மை கொண்டது. அத்தகைய நீரில் அமோனியாவின் நச்சு மேலும் கடுமையாகின்றது. இந்த அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், அதனை வேறு பற்றீரியாக்கள் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை கண்ணாடி போலத் தெளிந்து கிடக்கும் நீர், மீனுக்கு நஞ்சாக மாறக்கூடிய நீரே. கண்ணுக்குத் தெரியும் தெளிவை வைத்து நீரை மதிப்பிட்டதுதான் நான் செய்த முதற் பிழை.

சிறிய தொட்டி என்றால் வேலையும் சிறியது என்று எண்ணியது இரண்டாவது பிழை. உண்மை இதற்கு நேர்மாறானது. கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கின்றது. எனது 60 லீற்றர் தொட்டியிலிருந்து மூன்று லீற்றர் நீர் ஆவியாகிப் போனால், உப்பு அதனுடன் போவதில்லை. எஞ்சிய 57 லீற்றரில் உவர்த்தன்மை 35 இலிருந்து ஏறக்குறைய 37 ஆக உயர்ந்துவிடும். ஆயிரம் லீற்றர் தொட்டியில் அதே மூன்று லீற்றர் குறைந்தால் மீனுக்குத் தெரியவே தெரியாது. ஆவியான நீருக்குப் பதிலாக உப்பில்லாத நன்னீரையே ஊற்றவேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நான் ஒவ்வொரு நாளும் உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் இருப்பவனுக்கு இன்னொரு சபலமும் உண்டு. புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். ஒரு வாளியுடன் போனால் செலவில்லாமல் நீர் கிடைக்குமே என்று தோன்றும். அது நல்ல யோசனையல்ல. நகரத்தின் கழிவுகளைச் சுமந்துவரும் கால்வாய் அந்தக் கரையிலேதான் கடலில் கலக்கின்றது. மழைக்காலத்தில் கரையோர நீரின் உவர்த்தன்மையும் குறைந்துவிடும். சமையலறை உப்பும் உதவாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மாத்திரமே. கடலிலோ மக்னீசியமும் கல்சியமும் வேறு பலவும் இருக்கின்றன. இதற்கென்றே தயாரிக்கப்படும் உப்பை வாங்கி, குளோரின் நீக்கிய நீரில் கரைப்பதே பாதுகாப்பான வழி.

மீன்கள் மடிந்த பின்னர் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். 2020 மார்ச்சில் ஒரு மனவுறுதியுடன் மீண்டும் நீர் நிரப்பினேன். அந்த மாதம் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. மீன் வாங்குவதற்கு வெளியே போக வழியில்லை. வெறும் தொட்டியில் கற்களும் மணலும் வடிகட்டியும் மட்டுமே. அமோனியா உருவாவதற்காக நாளுக்கொரு சிட்டிகை மீனுணவை நீரில் போட்டு, சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைப் பார்த்து, கொப்பியில் குறித்துவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, தண்ணியையோ வளர்க்கிறீங்கள்?" என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்டாலும் அதுவே உண்மை. கடல்நீர்த் தொட்டி வைப்பவன் முதலில் வளர்க்கவேண்டியது நீரைத்தான். என்னிடம் பொறுமை இருந்ததனால் நான் காத்திருக்கவில்லை. ஊரடங்கு என்னைக் காத்திருக்க வைத்தது. ஆறாவது வாரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்தன.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், கொழும்பின் புறநகரில் தனது வீட்டிலேயே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் இளைஞர் ஒருவரிடம் இரண்டு குஞ்சுகளை வாங்கினேன். காசை வாங்கிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைகள் இவை: "அங்கிள், மூன்று நாளைக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. தண்ணியை மட்டும் பாருங்கோ."

முதல் நாள் இரண்டும் தொட்டியின் மேல் மூலையில் ஒடுங்கி நின்றன. உணவைத் தொடவில்லை. நோய் என்று கொப்பியில் எழுதினேன். அன்றிரவு ஒன்று உடலைச் சாய்த்து, கண்ணாடியில் ஒட்டியது போல அசைவற்றுக் கிடந்தது. இறந்துகொண்டிருக்கின்றது என்று எழுதினேன். இரண்டாம் நாள் சிறியது பெரியதன் முன்னால் உடலைக் குலுக்கி வலிப்பு வந்தது போல நடுங்கியது. நரம்புக் கோளாறு என்று எழுதினேன். ஆனால் நீரைச் சோதித்தபோது எந்தக் குறையும் இருக்கவில்லை. நான்காம் நாள் காலையில் இரண்டும் உணவுக்காகக் கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றன. நான் எழுதிவைத்த மூன்று செய்திகளுமே பிழையானவை.

பின்னர் விளங்கிக்கொண்டவற்றைச் சொல்கின்றேன். புதிய இடத்துக்கு வந்த மீன் ஒளிந்துகொள்வதும் ஓரிரு நாட்கள் உண்ணாமலிருப்பதும் இயல்பானவை. கோமாளி மீன்கள் சாய்ந்தும் மூலையில் ஒதுங்கியும் உறங்கும் வழக்கமுடையவை. சிறியது நடுங்குவது பணிவின் அடையாளம். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகின்றது. பெண் மடிந்தால் அதன் துணையான ஆண் அந்த இடத்துக்கு உயர்கின்றது. ஆகவே யார் பெரியவர் என்பதை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வது அவற்றுக்கு அவசியமாகின்றது. கடல் அனிமனி இல்லையே என்று கவலைப்படவும் வேண்டியதில்லை. தொட்டியில் பிறந்த கோமாளி மீன்கள் அது இல்லாமலே நலமாக வாழும். புதிய தொட்டியில் அனிமனியை வாழவைப்பதுதான் கடினம்.

ஏனைய மீன்களுக்கும் தத்தமது இயல்புகள் உண்டு. சிலவகை ராஸ் மீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்குகின்றன. மீன் காணாமற் போய்விட்டதென்று மணலைக் கிளறியவர்களை நான் அறிவேன். ஃபயர்ஃபிஷ் எனப்படும் சிறுமீன் மிரண்டால் நீருக்கு வெளியே பாயும். மூடி இல்லாத தொட்டி அதற்குப் பாடை. அழகிய டாம்செல் மீனை முதலில் விட்டால், தொட்டி முழுவதையும் தனதென்று கருதிப் பின்னால் வருபவற்றை விரட்டும். எனவே சாதுவானதை முதலிலும் முரடானதைக் கடைசியிலும் விடவேண்டும். நான் முதன்முறை வாங்கிய கிளீனர் மீனுக்கு எனது தொட்டியில் இரையே இருக்கவில்லை. நீர் நன்றாக இருந்திருந்தாலும் அது பட்டினியால் மடிந்திருக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் இயல்பு என்று கூறிக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்வது, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறுவது, உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள், மங்கிய கண்கள், கற்களில் அடிக்கடி உடலை உரசுவது, நாட்கணக்கில் உண்ணாமல் வயிறு ஒட்டிப்போவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டாலும் முதல் வேலை மருந்துப் போத்தலைத் தேடுவதல்ல, நீரைச் சோதிப்பதே. அமோனியா, உவர்த்தன்மை, வெப்பநிலை ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே மீனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். கொழும்பின் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும். 25 முதல் 27 பாகை வரையே பாதுகாப்பானது. இங்கே நீருக்கு மேல் மின்விசிறி தேவை. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருப்பவருக்கு வெப்பமாக்கி தேவை.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் உலகப் பேணல் கண்காணிப்பு நிலையம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டொன்றுக்கு 2 கோடி முதல் 2 கோடியே 40 இலட்சம் வரையான கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாக மதிப்பிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறப்பவை. கடல் மீன்களிலோ மிகப் பெரும்பாலானவை முருகைக்கற்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. அவற்றை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் எமது நாடும் ஒன்று. மூச்சடக்கியும் சிலிண்டருடனும் சுழியோடிப் பிழைக்கும் குடும்பங்கள் எமது கரைகளில் இருக்கின்றன. அதே பாறைகள் 1998 இலும் 2016 இலும் கடல் வெப்பமுற்றதனால் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. இவ்வாறு நலிந்த இடத்திலிருந்து வரும் ஓர் உயிரை, ஒன்பது நாளில் குப்பைக் கூடைக்கு அனுப்புவது வெறும் பணநட்டம் அல்ல. மடிந்த மீனுக்குப் பதிலாக நாம் வாங்கும் ஒவ்வொரு மீனும் அந்தப் பாறையிலிருந்து இன்னொன்றை எடுக்கச் சொல்லும் கட்டளையாகும்.

அப்படியானால் மீன் வளர்ப்பதையே கைவிடலாமே என்பார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கின்றேன். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவியபோது, பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இந்த உயிர்களை அடைத்து வைக்க எனக்கு என்ன உரிமை என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இருப்பினும், தொட்டியில் பிறந்த மீனை வாங்குவதனால் கடல் ஒன்றையும் இழப்பதில்லை. கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறை இன்று புதியதல்ல. தமிழ்நாட்டின் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அதில் வெற்றி கண்டிருக்கின்றது. புதிதாகத் தொடங்குபவர் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் இரண்டுடன் நிறுத்திக்கொள்ளட்டும். ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் இந்த வேலையில் இறங்காதிருப்பதே நல்லது.

இடம்பெயர்ந்து வந்து அயலில் வாடகைக்குக் குடியேறிய குடும்பங்களைப் பற்றி, "கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள், ஒருவருடனும் கதைக்கிறார்கள் இல்லை" என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டியவர்களை நான் கண்டிருக்கின்றேன். அவ்வாறு குடியேறியவர்களில் நாமும் பலர் இருந்தோம். வந்த இடத்தில் ஒதுங்கி நிற்பது குற்றமல்ல என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நண்பரிடம் மீனைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்றும், முதலில் அமோனியாவைச் சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். அது ஆபத்தான அளவில் இருந்தது. நான் சொன்னபடி பாதி நீரை மாற்றினார், உணவைக் குறைத்தார், தொட்டி தயாராகும் வரை மீனைப் பராமரிக்கும்படி அந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். மீனுக்கு நோய் எதுவும் இல்லை. இப்போது அவருடைய வீட்டில் வெறும் தொட்டிதான் இருக்கின்றது. இன்னும் ஐந்து வாரங்கள் அவர் தண்ணீரை வளர்க்கவேண்டும்.