துலாக்கோல் சாயலாமா?

தேர்வு என்பது துலாக்கோல். அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், நிறுத்த பொருளைக் குறைகூறிப் பயனில்லை.

நம் நாட்டு எஸ்.பி.எம். தேர்வில் கணிதம் அனைவர்க்கும் கட்டாயப் பாடம். கூடுதல் கணிதம் விருப்பப் பாடம். ஆயினும், கணிதத் தாளின்முன் இருசாராரும் ஒரே நேர அளவில் அமர்கின்றனர். அத்தாளின் வினா, கூடுதல் கணிதம் கற்றவனுக்கு மட்டும் குறுக்குவழி திறந்துவிடுமானால் அது முறையாகுமா?

ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்ப்போம். அரங்கின் முதல் வரிசையில் 12 இருக்கைகள். அடுத்தடுத்த வரிசையில் மும்மூன்று கூடுகின்றன. 20 வரிசைகளில் மொத்தம் எத்தனை? நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் கூட்டுத் தொடரைப் பயின்றவன், சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி ஒரே வரியில் 810 என எழுதிவிடுவான். மற்றவனோ எண் தொடரை இரண்டாம் படிவத்திலேயே அறிந்தவன். ஆனால் அதன் கூட்டுத்தொகைக்குரிய சூத்திரம் அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. கையில் கணிப்பான் இருந்தாலும், 12, 15, 18 என இருபது எண்களையும் எழுதிக் கூட்டவேண்டும். விடை ஒன்று, மதிப்பெண் ஒன்று, செலவான நேரம் ஒன்றா? இழந்த நேரம் அடுத்த வினாவுக்கு உரியதன்றோ?

"கூர்மதியுடையவன் சூத்திரமின்றியே வழி காண்பான்" என்பர் சிலர். காண்பான், ஆயிரத்தில் ஒருவன். எஞ்சியோர்க்கும் உரியதன்றோ பொதுத்தாள்? "திறமிக்கோரைப் பிரித்தறிய வேண்டாமா?" என்பர் வேறு சிலர். வேண்டும். அதற்கென்றே கூடுதல் கணிதத் தாள் தனியே இருக்கிறதே! அங்குப் பெற்ற பரிசை இங்கும் ஒருமுறை வழங்குவானேன்?

கடின வினாவே கூடாது என்பது நம் வாதமன்று. கற்பித்த பாடத்துக்குள் நின்று எவ்வளவு ஆழமாகவும் கேட்கலாம், சிந்திக்கத் தூண்டலாம். கற்பிக்காததைக் கற்றவனுக்குச் சலுகை தரலாகாது என்பதே நம் வாதம்.

யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.தி.3 2022இலும் நீக்கப்பட்டபின், எஸ்.பி.எம். தேர்வின் சுமை மேலும் கூடியது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் எண்ணக் கற்று, இடைநிலைப்பள்ளியில் வேற்றுமொழியில் கணிதத்தைத் தொடரும் நம் பிள்ளைகளுக்கு, அத்தாளின் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

ஆகவே, வினா அமைப்போர் ஒவ்வொரு வினாவையும் இருவழியில் செய்து பார்க்கட்டும்: கணிதப் பாடத்திட்டத்தை மட்டும் கொண்டு ஒருமுறை, கூடுதல் கணிதத்தைக் கொண்டு மறுமுறை. இரண்டிற்கும் ஆகும் நேரம் பெரிதும் வேறுபடுமாயின், அவ்வினாவை நீக்குக. பொதுத்தாள் பொதுவாகவே இருக்கட்டும்!