லைசன்ஸ் இருக்கு, சரி. பிறகு?

எங்கட ஊர் அண்ணா ஒராள் நியூஜேர்சியிலிருந்து டெக்சாசுக்கு வீடு மாறினார். நியூஜேர்சியில் கைத்துப்பாக்கியை வெளியில் கொண்டுபோகத் தனி அனுமதி வேணும். இல்லாமல் பிடிபட்டால் சிறை. டெக்சாசில் 2021 செப்டெம்பர் 1 முதல் அந்தப் பேச்சே இல்லை. 21 வயது நிறைந்த, சட்டம் தடை போடாத எவரும் பிஸ்டலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சாமான் வாங்கப் போகலாம். அண்ணாவும் அப்படித்தான் போறாராம். ஆளும் அதே ஆள், குணமும் அதே குணம். வீடு மாறினதோட சட்டம் அவரைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. அதே பிஸ்டலை இடுப்பில் வைத்தபடி பழைய தெருவுக்குத் திரும்பினால் அவர் குற்றவாளி.

இதைக் கேட்ட எங்கட பொடியன்களில் பாதிப்பேர் சொன்னது, "இஞ்சயும் அப்படி ஒரு சட்டம் வேணும் மச்சான்." அதுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில், அவங்கட பயம் பொய்யில்லை. 2025 பெப்ரவரி 19, கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், நீதவானின் முன்னிலையில், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். ரிவோல்வர் வந்தது பக்கங்களை வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். அதே வருடம் ஒக்டோபர் 22 இல் வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன்னுடைய அலுவலகத்துக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். நீதிமன்றத்திலும் சபையிலும் காப்பாற்ற முடியாத அரசு, தம்பிலுவில் சந்தியில் என்னைக் காப்பாற்றுமா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

துவக்கு வேணும் என்கிற பக்கத்தின் மிகப் பலமான கதையும் டெக்சாசில்தான் கிடக்கு. 1991 ஒக்டோபர் 16, கிலீன் நகரத்தில் லூபீஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் புகுந்து 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் தன்னுடைய ரிவோல்வரைக் காருக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தக் காலத்துச் சட்டம் அதை மறைத்துக் கொண்டுதிரிய விடவில்லை. அவருடைய தாயும் தகப்பனும் அங்கேயே இறந்தார்கள். கையில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1995 இல் டெக்சாஸ் சட்டத்தை மாற்றியது. அந்த வேதனைக்கு முன்னால் நான் கெட்டித்தனமாக எதுவும் சொல்லப் போவதில்லை.

ஆனால் அதே டெக்சாசில், அனுமதியே தேவையில்லை என்றான பிறகு, 2022 மே 24 இல் யுவால்டி ஆரம்பப் பாடசாலையில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்ட 18 வயதுப் பொடியன் துவக்கைக் கடையில் சட்டப்படி வாங்கியிருந்தான். வந்து சேர்ந்த சட்ட அமுலாக்க அதிகாரிகள் 300க்கும் மேல். எல்லாரிடமும் ஆயுதம், எல்லாருக்கும் பயிற்சி. அவனை வீழ்த்த 77 நிமிடம் எடுத்தது. அங்கே துவக்குக்குக் குறையே இருக்கவில்லை.

இனி எங்கட நாட்டுக்கு வருவம். இஞ்ச 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச்சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. லைசன்ஸ் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேணும். தற்பாதுகாப்புக்கு என்று கைத்துப்பாக்கி எடுப்பது பாதுகாப்பு அமைச்சின் தயவில் நடக்கிற காரியம். சாதாரண சனத்துக்கு அது எட்டாது. அரசியல்வாதிக்கும் வசதியான வியாபாரிக்கும் எட்டும். 2024 இல் அமைச்சு, தற்பாதுகாப்புக்கு வழங்கின துவக்குகளை நவம்பர் 7க்கு முன்னர் தற்காலிகமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது, மீளாய்வுக்கு என்று. நல்ல வேலை. ஆனால் அந்த "தற்காலிகம்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கு என்பதைத்தான் நாங்க பார்த்துக்கொண்டிருக்க வேணும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்லுறன்? எங்கட வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததால். 2021 டிசம்பர் 24 இரவு, திருக்கோவில் பொலிஸ் நிலையத்துக்குள் ஒரு சார்ஜன்ட் தன்னோடு வேலை செய்தவர்கள் மீது சுட்டார். நான்கு பொலிஸார் இறந்தார்கள். பிறகு அவர் எத்திமலைப் பொலிசில் போய்ச் சரணடைந்தார். லீவு கிடைக்காத கோபம் என்று செய்திகள் சொன்னது. டெக்சாஸ் அண்ணாவை விட எத்தனையோ மடங்கு சோதித்து, பயிற்சி குடுத்து, அரசு தன் கையால் துவக்குக் குடுத்த ஆள் அவர். லைசன்ஸ் என்பது ஒரு நாள் ஒரு மேசையில் வைத்து ஒரு மனிசனைப் பற்றிப் போடுகிற முடிவு. கோபம் வாறது வேறொரு நாள்.

கோபமே வராத உத்தமர் என்று வையுங்கோ. அப்பவும் துவக்கு அவருடைய கையிலேயே இருக்கும் என்று யார் சொன்னது? 2018 நவம்பர் 30, மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸ்காரர்களைக் கொன்று அவர்களுடைய துவக்குகளைக் கொண்டுபோனார்கள். அதுக்காக முன்னாள் போராளி ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் செய்தது சஹ்ரானின் குழு என்று தெரிய வந்தது. துவக்கு அரசாங்கத்தினது, களவெடுத்தது ஒரு கூட்டம், மாதக்கணக்கில் கம்பிக்குள் கிடந்தது சம்பந்தமே இல்லாத ஒருவர்.

இன்னொன்று, எங்கட கரைக்கே உரியது. அக்கரைப்பற்றுச் சந்தை, கல்முனை பஸ் ஸ்டாண்ட், ஒலுவில் கம்பஸ் கன்டீன் எல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் இடிபடுகிற இடங்கள். 1990 இல் நாங்கள் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த வருடம் எல்லார் வீட்டிலும் இருக்கு. ஜூனில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் திருக்கோவில் காட்டுப் பக்கம் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஓகஸ்ட் 12 வீரமுனை. ஊர்காவற்படை என்று அரசு குடுத்த துவக்குகளும் சட்டபூர்வமானவைதான். "உங்கட ஊரை நீங்களே காப்பாத்துங்கோ" என்றுதான் குடுத்தது. வீரமுனைச் சாட்சியங்களில் அந்தப் படையின் பெயர் திரும்பத் திரும்ப வருது. ஒரு ஊரின் பாதுகாப்புத் துவக்கு அடுத்த ஊரின் மரண பயமாக மாறினதை எங்கட அம்மாமாரும் அவங்கட உம்மாமாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுகினம்.

அப்படிப்பட்ட இடத்தில் மறைத்துவைத்த பிஸ்டல் என்ன செய்யும்? மீன் விலை பேசுகிற ஆளின் சட்டை கொஞ்சம் புடைத்திருந்தால் கண் அங்கே போகும். வைத்திருக்கிறவருக்குத் தைரியம், எதிரில் நிற்கிறவருக்குச் சந்தேகம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

"அப்ப வெள்ளாமைக்காரன்?" என்று கேட்பீங்கள். சாகாமத்திலும் கஞ்சிகுடிச்சாற்றிலும் இரவு யானையோடு மல்லுக்கட்டுகிறவருடைய துவக்கைப் பறிக்கச் சொல்லவில்லை. அது நீட்டுத் துவக்கு, ஊருக்கே தெரிந்த துவக்கு, வயலோடு நிற்கிற துவக்கு. சட்டைக்குள் ஒளிக்கிற பிஸ்டலோடு அதைச் சேர்த்துக் கதைக்கக் கூடாது. அவருக்கு ஒழுங்கான மின்வேலி வந்தால் அந்தத் துவக்குக்கும் வேலை குறையும். பற்றைக்குள் கட்டுத்துவக்கு கட்டி மனிசரே அடிபடுகிற கொடுமையும் குறையும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஒப்படைத்த கைத்துப்பாக்கிகள் நிரந்தரமாக அரசிடமே இருக்க வேணும்; திருப்பிக் குடுப்பதென்றால் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் வேணும். இரண்டு, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலையில் எத்தனை பேருக்கு, என்ன காரணத்துக்கு இந்த லைசன்ஸ் குடுத்தது என்ற கணக்கு வெளியில் வரவேணும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. விண்ணப்பம் தமிழிலேயே எழுதலாம். தமிழ்ப் பொடியன் ஒராளும் முஸ்லிம் பொடியன் ஒராளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லம். யார் வாறீங்கள்?